எழுபத்திரண்டு வீடுகளும் ஒரு பூஜ்யமும்

2017 ஜூலை 11, செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். வானம் மூடியிருந்தது, மழை விழவில்லை. நந்தனத்தில் எங்கள் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் நான்கு மின்விசிறிகளில் மூன்று ஓடிக்கொண்டிருந்தன. காகிதங்கள் பறக்காமலிருக்க ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு கல் வைத்திருந்தேன். என் மேஜையில் ஒன்பது கற்கள். ஒன்பதாவது கல்லின் கீழே இருந்த தாளில் கூட்டல் சரியாக வரவில்லை.

நீங்கள் பதினேழு பேர் இந்த ஆண்டு திட்ட மதிப்பீட்டுப் பணியில் சேர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். ஓய்வு பெற்றவன் வந்து அறிவுரை சொல்வதை யாரும் விரும்புவதில்லை, அது எனக்குத் தெரியும். அதனால் நான் செய்த ஒரு தவறை மட்டும் சொல்கிறேன். தாள் நிரப்புவது எப்படி என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுப்பார்கள். நான் சொல்லப்போவது, நிரப்பக் கூடாத ஓர் இடத்தை நான் நிரப்பியது பற்றி.

அடையாற்றங்கரையில் இருந்த ஒரு குடியிருப்பை நகருக்கு வெளியே, இருபத்துமூன்று கிலோமீட்டர் தள்ளி, அடுக்குமாடிகளுக்கு மாற்றும் திட்டம் அது. வீடு கட்டுவது வேறு துறை. வீடு மாறியவர்கள் வருமானத்தை இழக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும், அதற்கு என்ன செலவாகும் என்று எழுதித் தருவது எங்கள் வேலை. அந்தப் பெண்களில் பெரும்பாலோர் விடிவதற்கு முன் கிளம்புகிறவர்கள். தி.நகரில் கடை திறப்பதற்குள் தெருக் கூட்டுவார்கள், அபிராமபுரத்திலும் ஆழ்வார்பேட்டையிலும் வீட்டு வேலை செய்வார்கள். அவர்கள் வேலைக்குப் போக வேண்டுமானால் பிள்ளையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே புதிய இடத்தில் ஒரு குழந்தைகள் மையம், அதற்கு ஓர் ஆசிரியை. வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள் பதினைந்து பேருக்கு மேல் இருந்தால், அந்த மொழி தெரிந்த ஓர் உதவியாளர், மாதம் நாலாயிரம் ரூபாய் மதிப்பூதியத்தில். விதியில் இப்படித்தான் இருந்தது. யாரோ யோசித்து எழுதிய விதி.

கணக்கெடுத்த வீடுகள் 286. ‘வீட்டில் பேசும் மொழி’ என்ற கேள்விக்குக் கீழே இரண்டே கட்டங்கள்: தமிழ், பிற. தமிழ் என்ற கட்டத்தில் 214. பிற என்ற கட்டத்தில் ஒன்றும் இல்லை. 72 வீடுகளுக்கு இரண்டு கட்டமும் காலி.

களத்துக்குப் போன சண்முகத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். என்னைவிட இரண்டு வயது இளையவர், மதுரைப் பக்கம், பொய் எழுதத் தெரியாதவர்.

“சார், அந்த எழுபத்திரண்டு வீட்லயும் என்கிட்ட தமிழ்லதான் பேசினாங்க. ஆனா உள்ள திரும்பி பிள்ளைங்ககிட்ட வேற பேச்சு பேசினாங்க. தெலுங்கு மாதிரி இருந்துச்சு. எதை டிக் பண்றதுன்னு தெரியல. இன்னொரு நாள் போய்க் கேட்டுக்கலாம்னு விட்டு வச்சேன். ரெண்டு நாள் குடுங்க சார்.”

இரண்டு நாள் என்னிடம் இல்லை. மறுநாள் காலை பத்தரைக்குக் கூட்டம். தட்டச்சு செய்பவர் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார். எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு, இன்றும் இருக்கும் என்று நினைக்கிறேன். சுருக்கத் தாளில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் நிதிப் பிரிவு கோப்பைத் திருப்பி அனுப்பிவிடும். பூஜ்யம் இருந்தால் வாங்கிக்கொள்ளும். காலியிடம் என்றால் வேலை முடியவில்லை என்று பொருள். பூஜ்யம் என்றால் வேலை முடிந்தது, விடை பூஜ்யம் என்று பொருள். இருபத்தொன்பது ஆண்டுகளாகக் காலியிடங்களில் பூஜ்யம் போட்டுப் பழகியவன் நான். கிணறு எத்தனை, தெரியவில்லை, பூஜ்யம். மாட்டுக் கொட்டகை எத்தனை, தெரியவில்லை, பூஜ்யம். அவற்றால் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்று பூஜ்யம் மட்டும் போட்டால் கூட்டல் உதைக்கும். எனவே இன்னொன்றும் செய்தேன். 214 என்பதை அடித்து 286 என்று எழுதினேன். தமிழ் 286, பிற 0, மொத்தம் 286. சண்முகத்திடம் தமிழில்தானே பேசினார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான்கு மணி ஐம்பத்திரண்டு நிமிடத்துக்குத் தாள் தட்டச்சுக்குப் போனது. வீட்டுக்குப் போகும்போது மேஜை இழுப்பறையைப் பூட்டினேனா என்று வழக்கம்போல் மூன்று முறை பார்த்தேன்.

மறுநாள் கூட்டத்தில் எங்கள் இயக்குநர் ஒவ்வொரு வரியாகக் கேட்டுக்கொண்டு வந்தார். விரைவாக முடிவெடுக்கும் பெண்மணி, நியாயமானவர். மொழி உதவியாளர் என்ற வரி வந்ததும் அது எத்தனை பேருக்கு என்று கேட்டார். யாருமில்லை, பூஜ்யம் என்றேன். பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். அந்த வரிக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆண்டுக்கு 48,000 ரூபாய் மிச்சம் என்று என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அன்று எனக்கு அது திருப்தியாகக்கூட இருந்தது.

மொழி என்றால் பண்பாட்டைச் சேர்ந்த விஷயம், விழா நடத்துகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நமக்கு வேலையும் வருமானமும்தான் என்று அந்தக் காலத்தில் எனக்கு ஓர் எண்ணம். பாலம் கட்டினால் அதை முதலீடு என்ற பக்கத்தில் எழுதுவோம். பிள்ளைகளின் பேச்சு தெரிந்த ஒரு பெண்ணை உட்காரவைத்தால் செலவு என்ற பக்கத்தில் எழுதுவோம். இரண்டின் மீதும் நடந்துதான் மனிதர்கள் வேலைக்குப் போகிறார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை.

செப்டம்பரில் ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தார். தரையிலிருந்து எங்கள் மாடிக்கு 66 படிகள். மூச்சு வாங்க நின்று, பெயர் மங்கம்மா என்றார். ஆற்றங்கரையில் ஒரு தொண்டு அமைப்பு நடத்திய குழந்தைகள் மையத்தில் பதினோரு ஆண்டு உதவியாளராக இருந்தவர். நகரத் தெருக்களைக் கூட்டுவதற்காக நெல்லூர்ப் பக்கத்திலிருந்து நான்கு தலைமுறைக்கு முன் அழைத்துவரப்பட்ட குடும்பங்களில் ஒன்று அவருடையது. புதிய இடத்தில் தன் வேலை இருக்காது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“எனக்காகக் கேக்கல சார். எனக்கு எங்கியாவது ஒரு வேல கெடைக்கும். புள்ளைங்க யார்கிட்ட பேசும்?”

நீங்களே இவ்வளவு நன்றாகத் தமிழ் பேசுகிறீர்களே என்றேன்.

“நான் பேசுவேன் சார். நாப்பது வருசமா தெருவுல கீறேன். மூணு வயசுப் புள்ள தெருவுக்கு எங்க வந்துச்சு? அதுக்கு வூட்டுப் பேச்சுதான். என்கிட்ட வந்தா ரெண்டும் கலந்து பேசுவேன். அஞ்சு வயசுல ஸ்கூலுக்குப் போறப்ப தமிழும் வந்துரும், எங்க பேச்சும் கெட்டியா நிக்கும்.”

பிள்ளைகள் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள், உதவியாளர் இல்லாவிட்டாலும் ஆறு மாதத்தில் பழகிவிடுவார்கள் என்று ஆறுதலாகச் சொன்னேன். எங்கோ படித்தது.

அவர் என் மேஜையில் இருந்த கற்களைப் பார்த்தார். பிறகு கேட்டார்: “அந்த ஆறு மாசம் அதோட அம்மா வேலைக்குப் போவாளா சார்?”

என் முப்பதாண்டுப் பணியில் என்னிடம் கேட்கப்பட்ட பொருளாதாரக் கேள்விகளில் அதுதான் தெளிவானது. நான் ஒரு மனுப் படிவத்தை எடுத்துக் கொடுத்தேன்.

அந்த மனு சுற்றிச் சுற்றி, பதினெட்டு நாள் கழித்து, என் மேஜைக்கே வந்தது. அன்று கையெழுத்துக்காக இருந்த பதில்கள் முப்பத்தொன்று. ‘அப்பகுதியில் பிற மொழி பேசும் குடும்பங்கள் எதுவும் இல்லை எனக் கணக்கெடுப்பில் தெரிய வருவதால், தங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை.’ கணக்கெடுப்பு எது என்று நான் தேடிப் பார்க்க வேண்டியதில்லை. நான் போட்ட எண்ணையே நான் ஆதாரமாகக் காட்டிக் கையெழுத்துப் போட்டேன். முதல் தவறுக்கு நேரமில்லை என்ற சாக்கு இருந்தது. இதற்கு அதுவும் இல்லை.

டிசம்பரில் அவர்களை மாற்றினார்கள். பதினான்கு மாதம் கழித்து, 2019 பிப்ரவரியில், முதல் மீளாய்வு. அதையும் நானே எழுத வேண்டும். நான் ஓய்வு பெற ஐந்து மாதங்கள் இருந்தன.

எண்கள் வந்தன. ஆற்றங்கரையில் 214 வீடுகளிலிருந்து 170 பெண்கள் வேலைக்குப் போனார்கள், இப்போது 128. ஏறக்குறைய நான்கில் ஒருவர் நின்றுவிட்டார். தூரம், பேருந்து, எல்லாம் புரிகிறது. அந்த 72 வீடுகளிலிருந்து 61 பேர் போனார்கள். இப்போது 23. ஐந்து பேரில் மூன்று பேர் நின்றுவிட்டார்கள். அதே கட்டடம், அதே பேருந்து நிறுத்தம், அதே இருபத்துமூன்று கிலோமீட்டர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போனேன். அரசு வண்டி கேட்கவில்லை, இரண்டு பேருந்து மாறிப் போனேன். மையத்தின் ஆசிரியை பக்கத்துக் கட்டடத்திலேயே குடியிருந்தார். இருபத்தாறு வயது இருக்கும், சோர்ந்த முகம். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் முதல் இரண்டு வாரம் வந்தார்கள் என்றார். கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்களாம். தண்ணீர் வேண்டும் என்று கேட்க மாட்டார்கள், கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று சொல்ல மாட்டார்கள். நனைந்த துணியோடு மாலைவரை இருப்பார்கள். ஒருத்தியாக நாற்பது பிள்ளைகளைப் பார்க்கும்போது தனக்கும் ஒவ்வொருவரையும் கவனிக்க முடியவில்லை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாய்மார்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். பிள்ளையோடு வீட்டில் நான்கு நாள் இருந்தால், ஐந்தாம் நாள் ஒப்பந்தக்காரர் வேறு ஆளைப் போட்டுவிடுவார்.

மங்கம்மாவின் வீடு ஐந்தாவது மாடியில். மின்தூக்கி வேலை செய்யவில்லை. 95 படிகள். அவர் இப்போது ஆழ்வார்பேட்டையில் ஓர் அடுக்குமாடியில் மாடிப்படி கழுவும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

“இன்னா சார், எண்ண வந்தீங்களா?”

ஆமாம் என்றேன். அவர் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். உள்ளே நான் கையெழுத்துப் போட்ட பதில்.

“எனக்குப் படிக்க வராது சார். என் பொண்ணுதான் படிச்சா. படிச்சிட்டு எனக்குப் புரியணும்னு எங்க பேச்சுலயே சொன்னா, இந்த மாதிரி பேசறவங்க யாருமே இல்லைன்னு எழுதிக்கீதும்மான்னு. வூட்ல ஆறு பேரு இருந்தோம். எல்லாரும் சிரிச்சோம்.” உறையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். “அப்பால யாரும் சிரிக்கல.”

அவர் பெண் உள்ளிருந்து ஏதோ சொன்னாள். தெலுங்கில்தான். எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வந்தது.

திங்கட்கிழமை மீளாய்வுக் குறிப்பை எழுத உட்கார்ந்தேன். காரணம் என்ற தலைப்பின் கீழ் ‘பயண தூரம்’ என்று இரண்டு சொல் எழுதினால் போதும். பொய்யும் இல்லை, பாதி உண்மை. எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்த கணக்கு அலுவலர் மயிலாப்பூர்க்காரர், பத்தொன்பது ஆண்டு நண்பர், என்மீது அக்கறை உள்ளவர். தாளைப் பார்த்துவிட்டு இன்னொரு வழியும் சொன்னார்.

“சண்முகம் அந்தக் கேள்வியக் கேக்கலைங்கறது நெஜந்தானே? அத எழுதுங்கோ. அஞ்சு மாசத்துல ஆத்துல போய் நிம்மதியா உக்காரப் போறேள். இப்ப போய் ஏன் தலையக் குடுக்கறேள்?”

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. சண்முகம் கேட்கவில்லைதான். ஆனால் கேட்கவில்லை என்பதை ஒளிக்காமல், கட்டத்தைக் காலியாக விட்டார். இரண்டு நாள் வேண்டும் என்றார். அந்த அலுவலகத்தில் அந்தத் தாளைத் தொட்டவர்களில் தெரியாததைத் தெரியாது என்று எழுதிய ஒரே ஆள் அவர்தான். இன்னொன்றும் அப்போது நினைத்தேன். என் நண்பர் வீட்டில் ஒரு தமிழ், கூட்டத்தில் ஒரு தமிழ் பேசுகிறவர். அதற்காக அவர் வீட்டுப் பேச்சு இல்லவே இல்லை என்று எந்தத் தாளும் இதுவரை சொன்னதில்லை. அவருக்கு அது பட்டிருக்க நியாயமில்லை. எனக்கும் பட்டதில்லை.

மூன்று நாள் எழுதி எழுதிக் கிழித்தேன். பதினோரு தாள். எனக்கு இரத்த அழுத்தம் உண்டு. ஓய்வூதியக் கோப்பு அப்போதுதான் கிளம்பியிருந்தது. பெண்ணின் கல்யாணக் கடனில் இன்னும் இருபது தவணை பாக்கி. பயந்தேன் என்பதை மறைக்கவில்லை. நீங்களும் பயப்படுவீர்கள். அந்தச் சமயத்தில் எது சரி என்று யோசித்துக்கொண்டே இருந்தால் யோசனை முடிவதே இல்லை. எனக்கு உதவியது ஒரு சிறிய கேள்வி: இந்தத் தாளை அந்த வீட்டில் உட்கார்ந்து, அவர்கள் பேச்சில், ஒரு பெண் தன் தாய்க்குப் படித்துச் சொன்னால் எப்படி இருக்கும்? பயண தூரம் என்று படித்தால் அவர்கள் மறுபடி சிரிப்பார்கள்.

2019 மார்ச் 4, திங்கட்கிழமை, காலை பதினொரு மணிக்கு இயக்குநரிடம் கொடுத்தேன். ‘தாளில் உள்ள 286 என்ற எண்ணையும் 0 என்ற எண்ணையும் எழுதியவன் நான். 72 வீடுகளில் அக்கேள்வி கேட்கப்படவில்லை. கேட்க இரண்டு நாள் அவகாசம் கோரப்பட்டது. நான் மறுத்தேன். அந்த எண்ணின் அடிப்படையில் எடுத்த முடிவு மறுபரிசீலிக்கப்பட வேண்டும்.’ நான்கு வரி.

இயக்குநர் இரண்டு முறை படித்தார். “இதை நான் வாங்கிட்டா திருப்பித் தர முடியாது. தெரியும்தானே?” என்றார். தெரியும் என்றேன். அவர் தன் பென்சிலை எடுத்து மேஜையில் நேராக வைத்தார். “அந்தக் கோட்டை இழுத்தது நான்தான்” என்றார். பிறகு வாங்கிக்கொண்டார்.

எனக்குக் குற்றக் குறிப்பாணை வந்தது. மறு கணக்கெடுப்புக்கு உத்தரவானது. மூன்று பேர், ஒன்பது நாள். முடிவு தெரிந்ததும் மங்கம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

“இப்ப எங்கள இன்னான்னு எழுதிக்கீறீங்க சார்?”

எழுபத்திரண்டில் அறுபத்தெட்டு வீடு தெலுங்கு என்றேன்.

“மீதி நாலு?”

தமிழ்.

“சரியா கீது. அந்த நாலு வூட்லயும் மருமகளுங்க தமிழ்க்காரப் பொண்ணுங்க.” பிறகு சொன்னார்: “மூணு பேர் ஒம்போது நாள் நடந்தாங்களே சார். கேட்டிருந்தா அன்னிக்கே நான் சொல்லியிருப்பேனே.”

உதவியாளர் பணியிடம் திரும்ப அனுமதிக்கப்பட்டது. உத்தரவு வந்தபோது நான் ஓய்வு பெற்று ஏழு மாதம் ஆகியிருந்தது. அடுத்த மாதமே ஊரடங்கு. மையம் மீண்டும் திறக்க ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆயிற்று. உத்தரவில் வயது வரம்பு 45. 2017 ஜூலையில் மங்கம்மாவுக்கு வயது 43, உத்தரவு வந்தபோது 46. அந்த வேலை அதே மொழி பேசும் வேறொரு பெண்ணுக்குக் கிடைத்தது. நன்றாகச் செய்கிறாள் என்று கேள்விப்பட்டேன். வேலைக்குப் போகும் பெண்கள் 23 பேரிலிருந்து 41 பேராகியிருக்கிறார்கள். 61 ஆகவில்லை. குடிமாறியபோது இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் இருந்த பிள்ளைகள் அந்த வீடுகளில் 57 பேர். மையம் திறந்த நாளில் அத்தனை பேரும் ஐந்து வயதைத் தாண்டியிருந்தார்கள். யாருக்காக அந்த விதி எழுதப்பட்டதோ, அந்த 57 பேரில் ஒருவர்கூட அந்தப் புதிய உதவியாளரிடம் ஒரு சொல் பேசவில்லை.

உங்களுக்கும் ஒரு மாலையில் கூட்டல் உதைக்கும். தட்டச்சு செய்பவர் கிளம்பிக்கொண்டிருப்பார். கட்டத்தைக் காலியாக விடுங்கள். கோப்பு திரும்பி வரட்டும். திரும்பி வரும் கோப்பை மறுபடி அனுப்பலாம்.

விசாரணையின் முடிவில் மறு கணக்கெடுப்பின் செலவை என் பணிக்கொடையில் பிடித்தார்கள். மூன்று பேரின் ஒன்பது நாள் சம்பளம், போக்குவரத்து, படிவம் அச்சிட்டது. கூட்டலை நான் இரண்டு முறை சரிபார்த்தேன், பிழை இல்லை. ஓர் உதவியாளரின் ஓராண்டு மதிப்பூதியத்தைவிட 1,620 ரூபாய் குறைவு. மொத்தம் 46,380 ரூபாய்.